மாத்தளைக் கிளர்ச்சியும் பொதுநிதியும்

1848ஆம் ஆண்டு மாத்தளையில் எழுந்த கிளர்ச்சி, இழந்த கண்டி முடியை மீட்கும் முயற்சியாகவே பெரும்பாலும் பேசப்படுவதுண்டு. கொங்காலேகொட பண்டா அவ்வாண்டு யூலை 26ஆந் திகதி தம்புள்ளையில் முடிசூட்டப்பட்டமையும் புரன் அப்பு அவருக்குத் துணை நின்றமையும் இந்நோக்கிற்கு இடமளிக்கின்றன. ஆயினும், முடிக்கு முன்னே நின்றது வரியாகும்.

1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோக உறுப்பினர் ஒன்பதின்மர், உத்தியோகப்பற்றற்றோர் அறுவர். அவ்வறுவரையும் நியமித்தவர் தேசாதிபதியே. கண்டிச் சிங்களவருக்கெனத் தனியாசனம் 1889 வரை கிடையாது. எனவே மாத்தளைக் குடியானவனின் பணத்தைப் பற்றிப் பேசிய சபையில், அவனுக்காகப் பேச ஒருவரும் இருந்திலர்.

1847இல் கோப்பி விலை வீழ்ந்தது, திறைசேரி வெறுமையுற்றது. தோட்டத்துரைமாரின் சுமையைக் குறைக்கும் பொருட்டுக் கோப்பி ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. அவ்விழப்பை ஈடுசெய்யத் தேசாதிபதி ரொறிங்டன் பிரபு தேடிய வழிகளோ வேறு. துப்பாக்கிக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரைச் சிலிங், நாய்க்கு ஒரு சிலிங், கடைக்கு ஒரு பவுண். நாய் வரி இன்று நகைப்பிற்குரியதாகத் தோன்றலாம். பன்றியிடமிருந்து சேனையைக் காக்க நாயையும் துப்பாக்கியையும் நம்பியிருந்தவனுக்கு அது நகைப்பாக இருந்திராது. வீதிச் சட்டம் ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் உழைக்கவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வீதிகளால் முதற்பயன் பெற்றது கோப்பித் தோட்டமே.

யூலை 28இல் மாத்தளை தாக்கப்பட்டது. மறுநாள் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. புரன் அப்பு ஓகத்து 8இல் கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். பண்டா மலாக்காவிற்கு நாடுகடத்தப்பட்டார். பிரித்தானியப் பாராளுமன்றக் குழு விசாரித்தது. 1850இல் ரொறிங்டன் பதவியிழந்தார். நாய் வரி கைவிடப்பட்டது. வீதிச் சட்டம் நிலைத்தது.

செலவின்மீது சபைக்கு அதிகாரம் வேண்டுமென்ற குரல் பின்னரே, அதுவும் வேறிடத்திலிருந்து எழுந்தது. 1864இல் இராணுவச் செலவைக் குடியேற்றநாடே ஏற்கவேண்டுமெனப் பணிக்கப்பட்டபோது, தோட்டமுதலாளி ஜோர்ஜ் வோல், பறங்கியரான சாள்ஸ் லோரன்ஸ் முதலிய உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் பதவி துறந்தனர். மாத்தளையில் உயிர்கொடுத்துக் கேட்கப்பட்ட வினாவைச் செல்வர் சபைக்குள்ளே நின்று கேட்டனர் எனலாம்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொதுநிதியின்மீது பாராளுமன்றத்திற்குப் பூரண கட்டுப்பாட்டை வழங்கியது. 1982 டிசெம்பர் 22இல் நாட்டின் முதலாவது சர்வசன வாக்கெடுப்பு நடைபெற்றது; கேட்கப்பட்டதோ நிதியைப் பற்றியன்று, அப்பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிப்பதா என்பதே. கிளர்ச்சிக்குச் சரியாக நூறாண்டின் பின், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களுள் மாத்தளைத் தோட்டத் தமிழரும் அடங்குவர். தேயிலை ஏற்றுமதித் தீர்வையாகத் திறைசேரிக்குச் சென்றது அவர்தம் உழைப்பின் பயன். அன்றும் குடியுரிமை பெறாதிருந்தோர் கையில் வாக்குச்சீட்டு இல்லை.