இராவணன் வெட்டும் துரோய்க் குதிரையும்
காப்பியம், தொன்மம், ஐதிகம் என்னும் சொற்கள் பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலை நகரின் கீழைக் கரையிற் கடலுள் நீண்டு நிற்கும் சுவாமி மலையிலே, பாறை செங்குத்தாகப் பிளவுண்டு கிடக்கும் ஓரிடத்தை மக்கள் ‘இராவணன் வெட்டு’ என வழங்குவர். தாயின் வழிபாட்டுக்காக மலையைப் பெயர்த்துச் செல்ல முற்பட்ட இலங்கை வேந்தன் தன் வாளால் வெட்டிய இடம் அது என்பது கதை. அத்தாய் இறந்தபோது ஈமக்கடன் ஆற்றுதற்பொருட்டுத் தோன்றியவையே கன்னியாவிலுள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பது அதன் தொடர்ச்சி. இக்கதை எந்நூலில் உளது என வினவின், ‘இராமாயணத்தில்’ என்ற விடையே மாணவரிடமிருந்து தயக்கமின்றி வருகின்றது. ஆயின் வான்மீகியார் நூலிலும் இது இல்லை. கம்பர் நூலிலும் இல்லை. கயிலையை எடுக்க முயன்று இராவணன் நெரிபட்ட செய்தி வான்மீகத்தின் உத்தர காண்டத்தில் வருகின்றது. திருகோணமலைப் பாறையை அவன் வெட்டியமை அங்கு யாண்டும் பேசப்படவில்லை.

இவ்வகைப் பிழை நம் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. துரோய் நகரை வீழ்த்திய மரக்குதிரை ஹோமரின் இலியட்டில் வருவதாகவே உலகெங்கும் கற்றோர் பலரும் எண்ணுகின்றனர். இலியட்டின் பொருளோ மிகச் சுருங்கியது. பத்தாண்டு நிகழ்ந்த போரின் இறுதியாண்டில், ஏறத்தாழ ஐம்பது நாட்களுள் அடங்குவது. அக்கிலிசின் சினத்திலே தொடங்கி எக்டரின் ஈமக்கடனோடு முடிவது. இருபத்துநான்கு காண்டங்களிலும் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட அடிகளிலும் நகர் வீழ்வதில்லை, அக்கிலிசு இறப்பதுமில்லை. குதிரையின் கதை ஒடிசியில் ஒரு பாணன் வாய்ப் பாட்டாக இடையிலே வந்து செல்கின்றது. அதனை விரித்துரைத்தவர் பல நூற்றாண்டுகள் பிந்திய உரோமப் புலவர் வேர்ஜில். பொன் ஆப்பிளால் மூண்ட தேவியர் பூசல், இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்காத ‘கிப்ரியா’ என்னும் நூலுக்குரியது. அக்கிலிசைச் சாவா நதியில் தோய்த்த தாய் பற்றிய செய்தியோ கி.பி. முதலாம் நூற்றாண்டு இலத்தீன் நூலொன்றிலேதான் நமக்குத் தெளிவாகக் கிடைக்கின்றது. எனவே துரோய்க் கதை வேறு, இலியட் வேறு. முன்னது ஒரு பெருங்குளம். பின்னது அதிலிருந்து ஒரு புலவன் முகந்தெடுத்த ஒரு குடம்.

இவ்வேறுபாட்டைச் சுட்டுதற்குத் தமிழிற் சொற்கள் இல்லாமலில்லை. இருப்பவற்றை நாம் கலந்து வழங்குவதே இடர். ‘இதிகாசம்’ என்ற வடசொல் ‘இவ்வாறு இருந்தது’ எனப் பொருள்பட்டு, நிகழ்ந்தது என்னும் உரிமையைத் தன் பெயரிலேயே கோருகின்றது. ‘காவியம்’ அல்லது ‘காப்பியம்’ கவியினது ஆக்கம் என்பதனைச் சுட்டுவது. தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் வகுக்கும்போது அமைப்பையும் வருணனையையும் நாற்பொருட் பயனையும் பேசுகின்றதேயன்றிச் செய்தியின் மெய்ம்மையைச் சோதிப்பதில்லை. கிரேக்கரிடத்தும் ‘எப்பொஸ்’ என்பது முதலிற் கூற்று என்றே பொருள்பட்டுப் பின்னர் அறுசீர் அடியில் நடக்கும் நெடும்பாட்டுக்குரியதாயிற்று. ‘மித்தொஸ்’ என்பதும் முதலிற் பேச்சே. அரிஸ்டோட்டில் தம் கவிதையியலில் அதனை நிகழ்ச்சிகளின் கட்டமைப்பு, அதாவது கதைப்பின்னல், என்ற பொருளில் ஆள்கின்றார். ஆங்கில வழியே அச்சொல்லைக் கற்ற நாம் ‘பொய்க்கதை’ என விளங்கிக்கொண்டு அரிஸ்டோட்டிலைப் படிக்கப் புகுந்தால், அவர் கூறுவது ஒன்றும் நாம் கொள்வது ஒன்றுமாகவே முடியும். ‘தொன்மம்’ என்னும் இக்கால வழக்கு இதற்கு ஓரளவு பொருந்துகின்றது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளுள் ‘தொன்மை’ பழைமை பற்றிய கதைப்பொருளைச் சார்ந்ததாதலின், அச்சொல்லுக்கு வேரும் நம்மிடத்து உண்டு.

இராவணன் வெட்டுப் போன்றவற்றுக்குப் பொருந்துவது ‘ஐதிகம்’ என்ற சொல்லே என்பது எம் கருத்து. மணிமேகலை சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் அளவைகளை எண்ணுமிடத்து ஐதிகமும் இடம்பெறுகின்றது. இன்ன மரத்திற் பேய் உண்டென்று உலகோர் வழிவழியாகச் சொல்வதைக் கொண்டு தெளிதல் அதற்கு எடுத்துக்காட்டு. யார் முதலிற் சொன்னார் என்று கேட்க இயலாத, ஆயினும் ஓரிடத்தோடு பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிக்கொண்ட உரை அது. சாத்தனார் தேர்ந்த எடுத்துக்காட்டிற் சிறிது நகை கலந்துள்ளதோ என்று நாம் ஐயுறுவதுண்டு.

கிரேக்கரும் தம் பாறைகளுக்கு இத்தகைய ஐதிகங்களைக் கட்டியவரே. ஒடிசியின் நான்காம் காண்டத்தில், துரோயினின்று மீளும் சிறிய அயாக்சு கப்பல் உடைந்தும் கீரைப் பாறையைப் பற்றி உயிர் தப்புகின்றான். தேவர் விரும்பாமலே தான் பிழைத்தேன் எனச் செருக்கி உரைக்கின்றான். அதனைக் கேட்ட கடற்றெய்வம் பொசைடன் முத்தலைவேலால் அப்பாறையைப் பிளக்க, பிளந்த பகுதியோடு அவன் கடலில் அமிழ்கின்றான். கடலோரப் பாறை, அதில் ஒரு பிளவு, தெய்வத்தை மதியாத ஒரு வீரன்: மூன்றும் ஒக்கின்றன. ஆனால் வெட்டியவர் யார் என்பதிலே கதைகள் எதிரெதிராகத் திரும்புகின்றன. கிரேக்கத்தில் தெய்வம் பிளந்தது. திருகோணமலையில் மனிதன் பிளந்தான். அதுவும் செருக்கினால் மட்டுமன்று, தாய்மேல் வைத்த அன்பினால். இராவணனைப் பத்தனாகவும் மகனாகவும் காணும் ஈழத்து மனப்பாங்கு அவ்வொரு திருப்பத்திலேயே தங்கியுள்ளது எனலாம்.

இவ்வொற்றுமை கண்டு, ஒன்று மற்றதினின்று வந்தது என முடிவுகட்டுதல் கூடாது. இந்தியர் ஹோமரைத் தம் மொழியிற் பெயர்த்துப் பாடுகின்றனர் என்று கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த தியோன் கிறிசொஸ்தம் எழுதிவைத்தார். பாரதத்தையோ இராமகதையையோ பற்றிக் கேள்வியுற்ற செய்தி அவ்வாறு திரிந்திருத்தல் கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் வேபர், இராமாயணத்தில் ஹோமரின் செல்வாக்கு உண்டு எனக் கருத, பம்பாயில் காசிநாத் திரிம்பக் தெலங் 1873இல் அதனை மறுத்து நூலெழுதினார். பெண்ணொருத்தி கவரப்பட்டமையும் கடல் கடந்து முற்றுகையிட்டமையும் மட்டும் கொண்டு கடன்கோடல் நிறுவப்படாது. ஒப்பிடவே விரும்புவோர் வேறு வழியே செல்லலாம். பேராசிரியர் க. கைலாசபதி பேர்மிங்காமில் கிரேக்கப் பேரறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய ஆங்கில நூலில், ஹோமரின் வாய்மொழி மரபுக்குப் பக்கத்தில் வைத்தது சிலப்பதிகாரத்தையன்று. பாணரும் புரவலரும் நிறைந்த சங்கச் செய்யுட்களை. ‘காப்பியம்’ என்ற ஒரே பெயர்ப்பலகையின்கீழ் இலியட்டையும் சிந்தாமணியையும் நிறுத்தும் பாடநூல்கள் இதனைக் கருத்திற் கொள்ளின் நன்று.

இனித் திருகோணமலைக்கே மீள்வோம். அங்கு வெவ்வேறு இயல்பினவான சான்றுகள் ஒன்றன்மேலொன்றாகக் கிடக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய கோணமாமலைப் பதிகம் காலத்தால் முந்திய தமிழ்ச் சான்று. அதன் எட்டாம் பாடலில் மலையெடுத்தவனின் செருக்கடங்கிய செய்தி வருதல் கொண்டு, பாறை வெட்டிய கதை அன்றே வழங்கியது என வாதிப்பாருளர். பதிகந்தோறும் எட்டாம் பாடலில் இராவணனைக் குறிப்பிடுதல் சம்பந்தரின் பொது மரபு என்பதனை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அடுத்து, தலத்தின் பெருமை கூறும் தட்சிண கைலாச புராணம். ஆதிசேடனும் வாயுவும் தம்முட் பொருத மேருவின் சிகரங்கள் பெயர்ந்து வீழ்ந்தன என்றும், அவற்றுளொன்றே கோணமலை என்றும் கூறும் தொன்மம் தலபுராண மரபுக்குரியது. இங்கு அது மலையின் தோற்றத்தை விளக்குகின்றது; அலைந்து திரிந்த தேலொஸ் தீவு அப்பொல்லோன் பிறந்தபின் நிலைகொண்டது என்னும் கிரேக்கக் கதையைப் போல.

மூன்றாவதாகிய ‘கோணேசர் கல்வெட்டு’ பெயராலேயே மயக்கம் விளைப்பது. அது கல்லில் வெட்டப்பட்டதன்று. கவிராசவரோதயன் பெயரால் வழங்கும் நூல். குளக்கோட்டன் கோயில் எடுத்தமை, தொழும்பு செய்வோரை வருவித்துக் குடியேற்றியமை, அவர்தம் கடமை உரிமைகள் ஆகியன அதிற் சொல்லப்படுகின்றன. கோயிலொன்றின் நிருவாக ஒழுங்கை அறிதற்கு அது பெரிதும் பயன்படும். அதன் பெயரை நம்பி, சாசனச் சான்று என மேற்கோள் காட்டுங் கட்டுரைகளை நாம் ஒருமுறையன்றிப் பலமுறை கண்டதுண்டு. மெய்யான கல்வெட்டுத் துணுக்கு வேறாக உளது: கோட்டையிற் கிடைத்த, கோகர்ணத்தைக் குறிப்பிடும், 1223ஆம் ஆண்டுக்குரிய சோடகங்கனின் வடமொழிச் சாசனம். சோடகங்கனையே குளக்கோட்டன் எனக் கொண்ட அறிஞர் உளர். அவர்தம் முடிபு ஏற்கத்தக்கதாயினும் அன்றாயினும், அது கல்லிலிருந்து கதையை நோக்கிச் செல்லும் வாதம். கதையிலிருந்து கல்லை நோக்கிச் செல்வதன்று.

பின்னைய வழியிற் சென்றோர்க்கு நேர்ந்ததைத் துரோயிற் காணலாம். ஹைன்றிச் சிலீமன் 1870இல் ஹிஸ்ஸார்லிக் மேட்டை அகழத் தொடங்கியபோது ஹோமரைக் கையேடாகக் கொண்டார். அடியிலே கண்ட பொன்னணிகளை 1873இல் பிரியாமின் புதையல் எனப் பறைசாற்றினார். அவ்வடுக்குத் துரோய்ப் போருக்குரியதாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகட்கு மேல் முந்தியது. அதனை அடைதற்கு விரைந்து வெட்டிய பெருங்குழியில், அவர் தேடிய காலத்து அடுக்குகளிற் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. ஆயினும் நகரொன்று அங்கு இருந்தது என உலகு நம்பத் தொடங்கியது அவராலேயே என்பதும் மறுத்தற்கரியது.

திருகோணமலையிலோ பழைய கோயிலை அழித்தவர் கதை தேடி வந்தவரல்லர்; கோட்டை கட்ட வந்தவர். 1620களிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ தெ சா கோயிலை இடித்து அக்கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினான். 1950இல் நகரில் நிலத்தை அகழ்ந்தபோது புதையுண்டிருந்த வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. அப்பத்தாண்டிலேயே மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் மூழ்கிக் கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டனர். புதிய கோயிலின் குடமுழுக்கு 1963இல் நிகழ்ந்தது. இவை தேதியுடையவை, இவற்றை ஐயுறுதற்குக் காரணமில்லை. இம்மாவட்டத்தில் நிலமும் கோயிலும் யாருக்குரியன என்ற வழக்கு எழும்போதெல்லாம், இருதிறத்தாரும் இவற்றையும் ஐதிகத்தையும் ஒரே மூச்சிற் சான்றாக நிறுத்துகின்றனர்; எதிர்வாதியும் எளியதாகிய ஐதிகத்தை மறுத்துவிட்டுக் கல்லையும் உடன் மறுத்ததாகக் கொள்கின்றான். கோட்டை வாயிலருகே சுவரில் இணைகயல் பொறித்த கல்லொன்று இன்றும் உண்டு. அதனை வாசிக்கச் செல்லும் மாணவர், இராவணன் வெட்டையும் பார்த்துவரட்டும். இரண்டையும் குறிப்பேட்டின் ஒரே பக்கத்தில் எழுதாதிருந்தாற் போதும்.