நேரு பிளேஸ்: பக்கா பில்லா, கச்சா பில்லா?

டெல்லிக்கு மாற்றலாகி வரும் நம்மூர்க் குடும்பங்கள் வீடு, ஸ்கூல், இட்லி மாவு கிடைக்கும் கடை எல்லாம் தேடி முடித்ததும் கேட்கும் அடுத்த கேள்வி இதுதான்: "சார், பொண்ணுக்கு கம்ப்யூட்டர் வாங்கணும், எங்க போறது?" யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் நேரு பிளேஸ். அங்கே போனால் விலை சொல்வதற்கு முன்னாடியே கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார்: "பில் கே சாத், யா பினா பில்?" பில்லோடவா, பில் இல்லாமலா? ஏதோ வடக்கத்தி வியாபாரத் தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் நாற்பது வருஷ சரித்திரம் இருக்கிறது.

முதலில் இடம். டெல்லியின் முதல் மாஸ்டர் பிளான் 1962ல் வந்தது. எல்லாத்துக்கும் கன்னாட் பிளேஸுக்கே ஓட வேண்டாம் என்று ஊரின் பல பக்கங்களில் 'டிஸ்ட்ரிக்ட் சென்டர்' கட்டத் திட்டம் போட்டார்கள். அதில் ஒன்றுதான் கல்காஜி பக்கத்தில் டிடிஏ கட்டிய நேரு பிளேஸ். நடுவில் நடப்பதற்குப் பெரிய முற்றம், சுற்றிலும் ஹேம்குந்த், மேக்தூத், தேவிகா டவர் என்று அடுக்குமாடிகள். ஆபீஸ்களுக்காகக் கட்டினது, கம்ப்யூட்டர் சந்தை ஆகும் என்று யாரும் நினைக்கவில்லை.

இங்கே நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் கதைக்குள் வருகிறார். திருச்செந்தூர் பக்கத்து மூலைப்பொழி கிராமத்தில் பிறந்து, கோவை பிஎஸ்ஜியில் படித்து, டெல்லியில் டிசிஎம் கம்பெனியில் வேலை பார்த்த சிவ் நாடார். 1976ல் சக ஊழியர்கள் சிலரோடு வேலையை விட்டுவிட்டு ஒரு பர்சாத்தியில் (டெல்லி பாஷையில் மொட்டைமாடி ரூம்) தொழில் தொடங்கினார். கால்குலேட்டர் விற்றுக் காசு சேர்த்து, உத்தரப் பிரதேச அரசையும் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்ததுதான் எச்சிஎல். 1978ல் சொந்த கம்ப்யூட்டரே கொண்டு வந்துவிட்டார்கள். அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உடன்படாமல் ஐபிஎம் மூட்டை கட்டிக்கொண்டு போனதும் அதே 1978தான். எச்சிஎல் பதிவு அலுவலகம் நேரு பிளேஸ் சித்தார்த் கட்டடத்தில் அமைந்தது. இப்படிக் கம்பெனிகள் வர, பின்னாலேயே ரிப்பேர்காரர்கள், பார்ட்ஸ் விற்பவர்கள், ரிப்பன் விற்பவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் அப்போது வீட்டுக்கு யார் கம்ப்யூட்டர் வாங்கினார்கள்? இறக்குமதி வரி அப்படி. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதுக் கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து, உதிரிப் பாகங்களுக்கான வரியைக் குறைத்தது. எங்கள் வங்கித் துறை கதையும் இதே காலம்தான். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்ற பயத்தில் சங்கங்கள் எதிர்க்க, 1983ல் ஒப்பந்தம் போட்டு, எங்கே என்ன மெஷின் வைக்கலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு வைத்தார்கள். 1984ல் சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு அறிக்கை தந்த பிறகுதான் கிளைகளில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் நுழைந்தது. அதற்குக் கம்ப்யூட்டர் என்று பெயர் வைக்காமல் மெஷின் என்றே சொன்னதில் ஒரு சாமர்த்தியம் இருக்கு, பாருங்கள் :-)

வரி குறைந்தது, ஆனால் போய்விடவில்லை. 'அசெம்பிள்டு' பிறந்தது அந்த இடைவெளியில்தான். கம்பெனி பெட்டிக்கு இறக்குமதி வரி, எக்சைஸ், விற்பனை வரி என்று ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அதே மதர்போர்டும் ஹார்ட் டிஸ்கும் குருவிகள் மூலமாகவோ வேறு வழியிலோ வந்து சேர்ந்து, கடைப் பையன் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தால் இதில் எதுவுமே இல்லை. ஆபீஸ்கள் டெண்டர் போட்டு பிராண்ட் வாங்கின, வீடுகள் அசெம்பிள்டு வாங்கின. பேங்க் லோன் வேண்டுமானால் கொட்டேஷனும் பில்லும் கட்டாயம். அதனால் கையில் காசு வைத்திருந்தவருக்குத்தான் 'பினா பில்' மலிவு கிடைத்தது. கடன் வாங்கியவர் முழு விலை கொடுத்தார். வரவு செலவு பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு இது எப்போதுமே உறுத்தும்.

இதில் இரண்டு சொல் தெரிந்துகொள்ளுங்கள். 'பக்கா பில்' என்றால் வரி எண்ணோடு ஒழுங்கான பில். 'கச்சா பில்' என்றால் துண்டுச் சீட்டில் பால்பாயின்ட் பேனாவால் கிறுக்கித் தருவது. கச்சா பில்லை நம்பி வாங்கினால் வாரன்டி என்பது அந்தக் கடைக்காரர் முகதாட்சண்யம், அவ்வளவுதான். ஹிந்தி சரியாக வராத நம்ம ஆட்களிடம் அந்தத் தாட்சண்யம் எத்தனை நாள் செல்லும்?

சாஃப்ட்வேரும் இதே கதைதான். முற்றத்தில் நடக்கும்போதே காதோரம் கிசுகிசுத்து சிடி விற்பார்கள். 2011ல் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிட்ட பேர்போன கள்ளச் சந்தைகள் பட்டியலில் நேரு பிளேஸ் இருந்தது. நம்ம சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டும் கூடவே இருந்தது. ஆக, ஊர் மாறினாலும் பழக்கம் ஒன்றுதான்.

பிறகு சக்கரம் திரும்பியது. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997ல் சேர்ந்தது. கம்ப்யூட்டர் மீதான இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து 2005ல் பூஜ்யமானது. வரியே இல்லாத பொருளைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து என்ன லாபம்? பிராண்ட் பெட்டிக்கும் அசெம்பிள்டுக்கும் இருந்த தூரம் சுருங்கியது. 2010 அக்டோபரில் நேரு பிளேஸுக்கு மெட்ரோ வந்தது. 2013ல் அமேசான் இந்தியாவில் கடை திறந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின், வரி வரவு எடுக்க வேண்டிய வியாபாரிகளே பக்கா பில் கேட்க ஆரம்பித்தார்கள். அப்படியும் அந்தப் பழைய கேள்வி முழுசாகச் சாகவில்லை. இப்போது பில் இல்லாவிட்டால் மிச்சமாவது ஜிஎஸ்டி 18 சதவீதம். 50,000 ரூபாய் பொருளில் 9,000 ரூபாய். ஆசை வரத்தான் செய்யும்.

அந்த 9,000 ரூபாய்க்கு எதை விற்கிறோம் என்று பாருங்கள். 1986 நுகர்வோர் சட்டப்படி, விற்றவர் இருக்கும் ஊரிலோ பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போடலாம். டெல்லியில் வாங்கிவிட்டு மதுரைக்கு மாற்றலானால் கதை முடிந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் வருஷச் சட்டம் இதை மாற்றியது. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் என்று வாழும் நம்மைப் போன்றவர்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கு. ஆனால் இதற்கெல்லாம் ஆதாரமாக நீட்ட வேண்டியது அந்த ஒரு காகிதம்.

ஆகவே என் சிபாரிசு: படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப் என்றால் ஆன்லைன் விலையைக் குறித்துக்கொண்டு நேரு பிளேஸ் போங்கள், கீபோர்டைத் தட்டிப் பாருங்கள், பேரம் பேசுங்கள். டெஸ்க்டாப்புக்குப் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து மாட்டவும் அங்கே ஆள் இருக்கிறார்கள், தப்பில்லை. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறட்டும். சர்வீஸ் சென்டர் நம்ம ஊரிலும் இருக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "பில் கே சாத், யா பினா பில்?" என்று கேட்டால், ஹிந்தியில் இரண்டே வார்த்தை போதும்: "பக்கா பில்."