ஆலம்பரைச் சுண்ணாம்பும் ஸ்பிரே கன்னும்

கடப்பாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டிறங்கிக் கடலை நோக்கிப் போனால் ஆலம்பரைக் கோட்டை வரும். பாதி நிற்கிறது, பாதி மணலில் கிடக்கிறது. கிடக்கும் பாதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விழுந்த சுவர் செங்கல் செங்கல்லாக உதிரவில்லை. ஒரே பாளமாக, பாறைத் துண்டுபோல் சாய்ந்து கிடக்கிறது. ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் துறைமுகமாகவும் நாணயச் சாலையாகவும் இருந்த கோட்டை இது. 1750இல் ஹைதராபாத்தின் முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் கொடுத்தார். பத்தே ஆண்டுகளில், 1760இல், ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றி இடித்தனர். பிறகு இரண்டரை நூற்றாண்டு உப்புக் காற்று; 2004இல் ஆழிப்பேரலை. இத்தனைக்குப் பிறகும் செங்கல்லை விடாமல் பிடித்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. இந்தக் கரையில் சுண்ணாம்பு என்னவாக இருந்தது என்பதற்கு அந்தப் பாளங்களைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இன்றைக்கு நகரத்து வீடுகளில் பழைய அலமாரிக்கும் மேசைக்கும் ‘சாக் பெயின்ட்’ அடிப்பது பரவிவருகிறது. பளபளப்பில்லாத, தொட்டால் மாவுபோல் மெத்தென்றிருக்கும் பூச்சு. 1990இல் இங்கிலாந்தின் ஆனி ஸ்லோன் அந்தப் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதைப் பிரஷ்ஷால் அடிக்காமல் ஸ்பிரே கன்னால் அடிப்பது அதைவிடவும் புதியது. இதைப் பார்த்து இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். இது நமக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டு மோஸ்தர் என்பது ஒன்று. வெள்ளையடிக்க மட்டை பிடித்த கையின் தொழிலை ஸ்பிரே கொன்றுவிட்டது என்பது மற்றொன்று. வரலாறு இரண்டையும் ஒப்பவில்லை. வெள்ளைப் பூச்சின் தொழில்நுட்பம் எந்தக் காலத்திலும் அடிக்கும் கருவியில் இருந்ததில்லை. அடிப்பதற்கு முன் பூச்சை ஊறவைத்து, வடிகட்டி, பதம் பார்க்கும் வேலையில்தான் அது இருந்தது. அந்த வேலையைக் கைவிட்ட பிறகே சுண்ணாம்புக்குக் கெட்ட பெயர் வந்தது என்பது என் வாதம்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு உருவாகும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். கிளிஞ்சலைக் காளவாயில் அடுக்கிச் சுடுகிறார்கள். ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் அதிலுள்ள கரிவளி வெளியேறிவிடும். நூறு கிலோ சுத்தமான கிளிஞ்சல் சுட்ட பின் ஐம்பத்தாறு கிலோதான் தேறும். சுட்டதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பூத்து நீறுகிறது. நீற்றியதைத் தொட்டியில் தண்ணீருக்கடியில் ஊறவிட வேண்டும். நாள் ஏற ஏறத் துகள்கள் நுண்ணியவையாகி வெண்ணெய்போல் குழையும். அந்த வெண்ணெயைக் கரைத்த பாலைத்தான் துணியில் வடிகட்டிச் சுவரில் பூசுகிறோம். காயும்போது அது காற்றிலுள்ள கரிவளியை மறுபடி உறிஞ்சிக்கொண்டு, பழையபடி கிளிஞ்சலின் பொருளாகவே இறுகிவிடுகிறது. ஆக, வெள்ளையடிப்பது நிறம் தீட்டுவதைப் போன்றதில்லை. சுவரின் மேல் மெல்லிய கல் ஒன்றை வளர்ப்பது. வளர்வதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். ரோமர்களின் பழைய கட்டடச் சட்டம் மூன்றாண்டு ஊறாத சுண்ணாம்பைக் ஒப்பந்தக்காரர் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஊறவைக்கும் பொறுமையைச் சட்டம் போட்டுக் காக்க வேண்டியிருந்தது என்றால், அதைத் தவிர்க்கும் ஆசையும் அந்த அளவுக்குப் பழையது.

ஏழைகள் வேறு வழியில்லாமல் பூசியது சுண்ணாம்பு, அதற்கு ஏன் இவ்வளவு பெருமை என்று கேட்கலாம். சான்றுகள் வேறு சொல்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைந்த குகைக்கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இல்லாமல் அந்தக் கோயிலை அமைத்ததைப் பெருமையாகச் சொல்கிறது. சுதை என்பது சுண்ணாம்புச் சாந்து. அது இல்லாமல் கட்டியது அரசன் கல்லில் பொறிக்கும் அளவுக்கு வியப்பென்றால், அதற்கு முன் கோயில்கள் எதனால் எழுந்தன என்பது தெளிவு. மாமல்லபுரத்துப் பாறைக் கோயில்கள் இந்த வழியில் பின்னால் வந்தவை. ஆயிரம் ஆண்டு கழித்து, செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், சென்னையில் சாந்து அரைக்கும் முறையை எழுதி லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். 1732இல் அது அச்சேறியது. வெல்லத் தண்ணீரும் கடுக்காயும் அதில் வருகின்றன. இந்தக் கரையின் கொத்தனார்களுக்கு அவை அன்றாடச் சரக்கு. லண்டன் அறிஞர்களுக்கு அவை புதுச் செய்தி. கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்கும் ‘மெட்ராஸ் சுனாம்’ மாளிகைகளின் தூண்களிலும் மண்டபங்களிலும் மின்னியது. நம்முடைய சுண்ணம் என்ற சொல்லே ஆங்கிலத்தில் ‘சுனாம்’ ஆகி நிலைத்தது. குடிசைச் சுவரும் மாளிகைத் தூணும் ஒரே பொருளைப் பூசிக்கொண்டன. அவற்றைப் பிரித்தது அரைப்பிலும் தேய்ப்பிலும் செலவான நாட்கள். விலை பொருளில் இல்லை, உழைப்பில் இருந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சுண்ணாம்பு சுவருக்கானது, சாக் பெயின்ட் மரத்துக்கானது, இரண்டையும் ஒன்றாகக் கட்டுவது சரியா? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. மரம் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். சுண்ணாம்பு அந்த அசைவுக்கு வளையாது, செதிளாக உரியும். அதனால்தான் நம் வீடுகளில் சுவருக்கு வெள்ளை, கதவுக்கு எண்ணெய் என்று வழக்கம் பிரிந்தது. மரத்தில் நிற்க வேண்டுமானால் வெண்பொடிக்கு ஒரு பசை துணை வேண்டும். அந்தத் துணையையும் தமிழ்நாடு பழைய காலத்திலேயே கண்டுபிடித்திருந்தது. தஞ்சாவூர் ஓவியத்தைப் ‘பலகைப் படம்’ என்பார்கள். பலகையில் துணியை ஒட்டி, வெண்சுண்ணப் பொடியைப் புளியங்கொட்டைப் பசை போன்ற ஒன்றில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல்தான் ஓவியம் எழுதுவார்கள். பொடி, பசை, தேய்ப்பு என்ற இந்த மூன்றும்தான் சாக் பெயின்ட்டின் சூத்திரமும். புளியங்கொட்டையின் இடத்தில் செயற்கைப் பிசின் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே சாக் பெயின்ட்டுக்குச் சுவர் வெள்ளையடிப்பு பங்காளி என்றால், தஞ்சைப் பலகை உடன்பிறப்பு. இங்கிலாந்தின் வெண்சுண்ணப் பாறையும் கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கில் படிந்து இறுகியதே. அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் வெண்மையைக் கொடுத்தது கடல்.

இனி ஸ்பிரேக்கு வருவோம். கைத்தொழிலின் எதிரி என்று சொல்லப்படும் இந்தக் கருவியின் பிறப்பே வெள்ளையடிப்பில்தான். 1880களின் பிற்பகுதியில் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு மொத்த வியாபாரக் கட்டடத்தின் பராமரிப்புப் பொறுப்பில் இருந்தவர் ஜோசப் பிங்ஸ். நிலத்தடித் தளங்களின் நீண்ட சுவர்களுக்குப் பிரஷ்ஷால் வெள்ளையடித்து மாளவில்லை என்று, கையால் அழுத்தம் ஏற்றும் பம்ப் ஒன்றைச் செய்து வெள்ளையைப் பீய்ச்சினார். 1893இல் அதே ஊரில் நடந்த உலகக் கண்காட்சியின் கட்டடங்கள் ‘வெள்ளை நகரம்’ என்று பெயர் பெற்றன. அந்த வெண்மையை ஏற்றியதும் ஸ்பிரேதான். பளபளக்கும் பெயின்ட் இதற்குள் வந்தது பின்னால்: 1920களில் கார்களுக்கு வந்த ‘டூக்கோ’ வேகமாகக் காய்ந்ததால், பிரஷ்ஷை விட்டு ஸ்பிரேயைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்த வணிகப் பெயர் நம் ஊர்ப் பட்டறைகளில் தொழிலின் பெயராகவே தங்கிவிட்டது. பீரோவுக்கோ கதவுக்கோ ஸ்பிரே அடிப்பதை ‘டூக்கோ அடிக்கிறது’ என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். சாக் பெயின்ட்டை ஸ்பிரேயில் ஊற்றுகிறவர் புதுமை எதுவும் செய்யவில்லை. சுண்ணாம்புக்கென்று பிறந்த கருவியைச் சுற்றிவளைத்துச் சுண்ணத்திடமே கொண்டுவந்திருக்கிறார்.

அப்படியானால் மட்டையும் பம்பும் ஒன்றுதானா? இல்லை, இங்கே கருவிக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கத்தான் வேண்டும். நசுக்கி நாராக்கிய மட்டை சுண்ணாம்புப் பாலைச் சுவரின் துளைகளுக்குள் அழுத்தித் தேய்க்கும். பம்ப் மேலே தூவிவிட்டுப் போகும். நனைக்காத சுவரில் தூவிய சுண்ணாம்பு இறுகுவதற்குள் காய்ந்து பொடியாகும். அதுதான் சட்டையில் ஒட்டும் சுண்ணாம்பு. எனவே சுவரை நனைத்து, முதல் பூச்சை மட்டையால் தேய்த்து, அடுத்தவற்றை வேண்டுமானால் பம்பால் அடிப்பது முறை. காற்றில் பறக்கும் சுண்ணாம்புத் துளி கண்ணில் பட்டால் கருவிழி வெந்துபோகும் என்பதையும் இந்தத் தொழிலைப் பற்றி எழுதுகிற எவரும் விட்டுவிடக் கூடாது. மரத்தில் சாக் பெயின்ட் அடிக்கும்போது இந்தக் கார ஆபத்து இல்லை. தூசியை மூச்சில் இழுக்காதிருக்க முகமூடி வேண்டும். ஆனால் வேறொரு கண்டிப்பு அங்கே காத்திருக்கிறது. கெட்டியான சாக் பெயின்ட்டை அப்படியே ஊற்றினால் ஸ்பிரேயின் முனை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் விட்டு இளக்க வேண்டும், மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும், ஒரு பூச்சு காய்ந்த பின்பே அடுத்ததை அடிக்க வேண்டும். பழைய வெள்ளையடிப்பவர் வேட்டித் துணியில் வடிகட்டியது இதே கண்டிப்புதான். மட்டை பிடித்தவர் வடிகட்டாமல் விட்டாலும் எப்படியோ பூசி முடித்துவிடலாம். ஸ்பிரே அப்படி விடாது, நின்றுவிடும். தொழிலை அழித்ததாகக் குற்றம்சாட்டப்படும் கருவி, தொழிலின் பழைய ஒழுங்கை மட்டையைவிடக் கறாராகக் கேட்கிறது.

சுண்ணாம்பின் மரியாதை போனது பையில் கிடைக்கும் பொடியால். காலையில் கரைத்து மதியம் அடித்து மாலையில் கணக்கை முடிக்கும் வழக்கம் வந்தது. ஊறல் போயிற்று, வடிப்பு போயிற்று. கையில் ஒட்டுகிறது, ஆண்டுக்கொருமுறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி டிஸ்டம்பரும் சிமென்ட் பெயின்ட்டும் உள்ளே நுழைந்தன. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதும் ஓரத்தில் காவி தீட்டுவதும் மெல்ல ஒதுங்கின. பழைய கிளிஞ்சல் தொழிலை அப்படியே மீட்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உப்பங்கழியின் அடிச்சேற்றைத் தோண்டிக் கிளிஞ்சல் அள்ளினால் மீனுக்கும் இறாலுக்கும் இருப்பிடம் கெடும். காளவாயின் புகையிலும் காரத்திலும் வெந்த உடம்புகளுக்கு அந்தப் பழங்காலம் பொற்காலமும் இல்லை. வீட்டுச் சுவருக்குக் கல் சுண்ணாம்பு போதும், நன்றாக ஊறியிருந்தால். கிளிஞ்சல் சுண்ணாம்பு தவிர்க்க முடியாத இடங்கள் சிலவே, அதிலொன்று ஆலம்பரை.

அந்தக் கோட்டையின் எஞ்சிய சுவர்களைப் பழுதுபார்க்கும் நாள் வரும். சிமென்ட் பூசினால் சுவருக்குள் ஏறும் உப்பு ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லையே அரித்துவிடும். 1760இன் இடிப்பிலும் 2004இன் அலையிலும் பிரியாத செங்கல் அதில் பொடியாகும். பழுதுபார்க்க வருகிறவர்கள் முதலில் ஒரு தொட்டி கட்டட்டும், சுண்ணாம்பை ஊறப்போடட்டும், மாதக்கணக்கில் காத்திருக்கட்டும். அதன் பிறகு மட்டையால் பூசினாலும் சரி, பம்பால் அடித்தாலும் சரி.