ஹெட்டும் தகடும்: ஹார்ட் டிஸ்க் பழுதின் கதை

உலகில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த ஹார்ட் டிஸ்க், 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியில் இருந்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ரெனால்ட் ஜான்சன் தலைமையிலான குழு அதை உருவாக்கியது. இரண்டடி விட்டமுள்ள 50 தகடுகள் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. அத்தனை பெரிய இயந்திரத்தில் சுமார் 50 லட்சம் எழுத்துகளே அடங்கின. காந்தப்பூச்சில் பதிந்ததைப் படிக்கும் ஹெட், தகட்டில் உரசாதிருக்கக் கம்ப்ரசர் காற்றைச் செலுத்தினார்கள். ஹெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவிலுள்ள அந்த நூலிழை இடைவெளியில்தான் பிற்காலப் பழுதுகள் பலவும் பிறந்தன.

1960-களில் கம்ப்ரசர் போயிற்று. சுழலும் தகடு இழுத்து வரும் காற்றே ஹெட்டைத் தாங்கியது. இடைவெளி குறையக் குறைய அதிகத் தகவல் பதியலாம், ஆனால் தூசி எமனாகிவிடும். ஒரு துகள் சிக்கினால் ஹெட் நிலைகுலைந்து பூச்சைச் சுரண்டும். சுரண்டிய தூள் இன்னும் சுரண்டும். இதுவே ‘ஹெட் கிராஷ்’. தகட்டு அடுக்கைக் கழற்றி மாட்டும் வசதி அன்று பெருமையாகப் பேசப்பட்டது. தூசி உள்ளே புக அதுவே வழியாயிற்று.

1973-ல் வந்த ‘வின்செஸ்டர்’ டிரைவ், ஹெட்டையும் தகட்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துத் தூசியைப் பெரிதும் தடுத்தது. ஆனால் மின்சாரம் நின்றதும் ஹெட் தகட்டின் மேலேயே இறங்கி அமர்ந்தது. தகடுகள் வழவழப்பாக ஆனபோது ஹெட் ஒட்டிக்கொண்டது. மோட்டாரால் சுற்ற முடியவில்லை. பெட்டியை மெல்லத் தட்டி ஓடவைக்கும் கைவைத்தியம் அப்போது பிரபலம். சில நேரம் பலிக்கவும் செய்தது. பிறகு ஹெட் இறங்கும் பகுதியை லேசர் கொண்டு சொரசொரப்பாக்கினார்கள். ஹெட்டைத் தகட்டுக்கு வெளியே ஒதுக்கி நிறுத்தும் சரிவுமேடையும் வந்தது.

மடிக்கணினியோடு டிஸ்க் பயணப்படத் தொடங்கியதும், ஓடும்போது கீழே விழுவது பெரிய ஆபத்தாயிற்று. தகட்டைச் சுழற்றும் மோட்டாரில், தேயும் பால் பேரிங்குக்கு மாற்றாகத் திரவ பேரிங் வந்தது. மின்னழுத்த ஏற்றத்தில் சர்க்யூட் போர்டு கருகுவது மட்டும் தகட்டோடு தொடர்பில்லாத தனி வகைப் பழுது.

பழுதை முன்கூட்டியே அறிவிக்கும் ‘ஸ்மார்ட்’ கண்காணிப்பு 1990-களில் பரவியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் கண்காணிப்பின் பலத்தையும் பலவீனத்தையும் காட்டியது. பரப்பை வருடிச் சோதிக்கையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க்குக்கு, பிழையில்லாததைவிட 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு. வெப்பத்துக்கோ எதிர்பார்த்த அளவு பங்கில்லை. பழுதானவற்றில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, வெப்பநிலை நீங்கலாக எந்த ஸ்மார்ட் அளவீட்டிலும் அறிகுறி காட்டாமலே நின்றுபோயிருந்தன.