ரியாலில் எவ்வளவு, ரூபாவில் எவ்வளவு: எமது ஊரின் வெளிநாட்டுக் கணக்கு

சென்ற வெள்ளிக்கிழமை பின்னேரம் எம்மிடம் படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கடிதம். றியாதில் களஞ்சியசாலை வேலை, மாதம் 1,500 ரியால், தங்குமிடம் இலவசம், சாப்பாடு சொந்தச் செலவு, இரண்டு வருட ஒப்பந்தம்.

"சேர், ஒரு இலட்சத்து இருபதாயிரம் வருது. வரியும் இல்லையாம். முகவர் நாலு இலட்சம் கேட்கிறார். உம்மா வயல ஈடு வைக்கச் சொல்றா. என்ன செய்ய?"

வயல் என்பது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர். அவனுடைய வாப்பா மௌத்தாகும்போது விட்டுப்போனது அது ஒன்றுதான்.

உடனே பதில் சொல்ல எமக்கு வரவில்லை. வரலாறு படிப்பிக்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. நாளைக்கு என்ன செய்வது என்று யாராவது கேட்டால், நேற்று என்ன நடந்தது என்று தேடப் போய்விடுவோம். எமது அலுமாரியில் சாச்சாவின் பழைய கடிதக் கட்டு இருக்கிறது. 1988 இல் ஜித்தாவுக்குச் சாரதியாகப் போனவர். அவருடைய ஒப்பந்தத் தாளும் அதற்குள் இருந்தது: 900 ரியால், இடமும் சாப்பாடும் கபீல் பொறுப்பு. இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. எமது பகுதி ஆட்கள் சம்பளத்துக்காகக் கடல் கடந்தவர்கள் அல்லர். வயல், மாடு, குடாக்கடல், அதுதான் வாழ்க்கை. கூலிக்குப் போனாலும் சீனக்குடாவுக்கும் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கும்தான். ஆங்கிலேயர் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டியதும், 1942 ஏப்ரல் 9 அன்று யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டதும் எமது மூத்தவர்கள் வாயால் கேட்ட கதைகள். 1957 இல் தளம் இலங்கையின் கைக்கு வந்தபோது வெள்ளைக்காரன் கொடுத்த சம்பளக் கதவு ஒடுங்கிவிட்டது. எண்ணெய் எமது வாசலுக்கு வந்த காலம் அது. பிறகு எண்ணெயைத் தேடி நாம் போனோம்.

1973 இல் எண்ணெய் விலை ஏறியதும் அரபு நாடுகளில் வீதியும் கட்டடமும் எழும்பத் தொடங்கின. இங்கே 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. அதே வருடக் கடைசியில் டொலருக்கு எதிராக ரூபாவின் பெறுமதி ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. அதாவது, அங்கே உழைக்கும் ஒவ்வொரு ரியாலும் ஒரே மூச்சில் இரட்டிப்பானது போலத் தெரிந்தது. போனவர்களைக் கட்டுப்படுத்தவும் பாதுகாக்கவும் என்று 1985 இல் சட்டம் போட்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அமைத்தார்கள். அதே வருடங்களில்தான் எமது மாவட்டத்தில் யுத்தம் முற்றியது. வயலுக்குப் போகப் பயம், அறுத்த நெல்லை ஏற்றப் பயம். சாச்சா போனது ஆசையால் அல்ல என்று உம்மா இப்போதும் சொல்வார்.

1988 இல் ஒரு ரியால் எட்டரை ரூபா. சாச்சாவின் 900 ரியால், ரூபாவில் ஏழாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். அந்தக் காலத்தில் எமது குடும்பத்தில் ஆசிரியராக இருந்தவரின் சம்பளத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல். இன்று பையனின் 1,500 ரியாலையும் எமது சம்பளச் சீட்டையும் ஒப்பிட்டால் அப்படியொரு இடைவெளி இல்லை. (எமது சம்பளம் பெரிதாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்!)

இங்கேதான் எமது ஊர் நாற்பது வருடமாக ஏமாந்து வருகிறது என்று நினைக்கிறோம். சவூதி ரியால் 1986 இலிருந்து ஒரு டொலருக்கு 3.75 என்றே கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அது அசையவில்லை. அசைந்தது எமது ரூபாதான். 1988 இல் எட்டரை ரூபாவாக இருந்த ரியால் 2000 இல் ஏறக்குறைய 20, 2010 இல் 30, 2021 இல் 53, 2022 நடுப்பகுதியில் 96. ஒவ்வொரு முறையும் "வெளிநாட்டுச் சம்பளம் கூடிவிட்டது" என்று சொன்னோம். கூடவில்லை. 900 ரியாலும் சாப்பாடும் என்பது 37 வருடத்தில் சாப்பாடில்லாத 1,500 ஆக வந்திருக்கிறது, அவ்வளவுதான். ரூபா விழுந்ததைச் சம்பள உயர்வு என்று எண்ணிக்கொண்டோம்.

2022 ஐ நினைத்துப் பாருங்கள். முதல் வருடம் இரசாயன உரத்துக்குத் தடை போட்டு வயலை முடக்கினார்கள். பிறகு எரிபொருள் வரிசை. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பணியகத்தில் பதிந்து வெளிநாடு போனார்கள். ரியால் 96 ஆனது என்று சந்தோஷப்பட்ட அதே மாதங்களில்தான் விலைவாசியும் பறந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். பிறகு ரூபா கொஞ்சம் நிமிர்ந்து ரியால் 80 அளவுக்கு இறங்கியது. 1,500 ரியால் ரூபாவில் ஒரு இலட்சத்து நாற்பத்து நாலாயிரத்திலிருந்து ஒரு இலட்சத்து இருபதாயிரமாகக் குறைந்தது. 96 ஐ நம்பிக் கடன் எடுத்தவர்களுக்குக் கடன் குறையவில்லை.

வரிக் கதைக்கு வருவோம். "அங்கே வரி இல்லை" என்பது முகவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை. உண்மைதான், சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து இங்கேயும் மாதம் ஒரு இலட்சத்து ஐம்பதாயிரம் வரை வருமான வரி இல்லை. ஆக, எமது பையனுக்கு அந்த வார்த்தையால் ஒரு சதமும் இலாபமில்லை. பெரிய சம்பளக்காரருக்கு அது வேறு கதை. மாதம் மூன்று இலட்சம் எடுக்கும் ஒரு பொறியியலாளர் 2023 இல் மாதம் 35,000 ரூபா வரி கட்டினார். இப்போதைய முறையில் 18,500. வைத்தியர்களும் பொறியியலாளர்களும் அந்த நேரம் கூட்டம் கூட்டமாகப் போனதில் ஒரு நியாயம் இருந்தது. அவர்களுடைய நியாயத்தைக் களஞ்சியசாலைத் தொழிலாளிக்கு விற்பதுதான் தவறு.

அங்கேயும் வேறு பெயரில் வரி உண்டு. சவூதியில் 2018 இல் 5 வீதமாக வந்த பெறுமதி சேர் வரி 2020 ஜூலையில் 15 வீதமானது. குடும்பத்தைக் கூட வைத்திருந்தவர்களுக்கு 2017 இல் தலைக்கு மாதம் 100 ரியால் என்று ஒரு கட்டணம் தொடங்கி, வருடா வருடம் ஏறி 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். நல்ல வேலையில் இருந்த பலர் அப்போதுதான் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியறைக்குப் போனார்கள்.

எந்தத் தாளிலும் வராத செலவுகளும் எமது மாவட்டத்தின் வரலாற்றில் இருக்கின்றன. 1990 ஓகஸ்ட் 2 இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே சுமார் ஒரு இலட்சம் இலங்கையர் இருந்தார்கள். அதில் அதிகம் பெண்கள். உடுத்த உடுப்போடு பாலைவனம் தாண்டி யோர்தான் வழியாக வந்தார்கள். சில வருடங்கள் கழித்து ஐ.நா. நட்டஈட்டு ஆணைக்குழு மூலம் தலைக்கு 2,500 அல்லது 4,000 டொலர் கிடைத்தது. எமது தெருவில் ஒரு வீட்டுக் கூரை அந்தப் பணம்தான். ஆனால் 2005 இல் மூதூரிலிருந்து வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டோடு அனுப்பப்பட்ட ரிஸானா நபீக்? 2013 ஜனவரி 9 அன்று சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தக் குடிசைக்கு வந்து சேர்ந்த சம்பளம் எவ்வளவு என்று கேட்க எவருக்கும் நா எழவில்லை.

இனிப் பையனின் கணக்கு. அவனையே கொப்பியில் எழுத வைத்தோம். 1,500 இல் சாப்பாட்டுக்கு 400, போன், சவர்க்காரம், மருந்து என்று 150. மிச்சம் 950 ரியால். 24 மாதத்துக்கு 22,800. இன்றைய 80 ரூபாவில் பதினெட்டு இலட்சத்து இருபத்து நாலாயிரம். முகவரின் நாலு இலட்சத்தைக் கழித்தால் பதினாலு இலட்சத்து இருபத்து நாலாயிரம். மாதத்துக்கு ஐம்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். அத்தோடு, ஈட்டுக்காரன் வட்டி கேட்கமாட்டான், விளைச்சலை எடுப்பான். இரண்டு வருடத்தில் நாலு போகம். அதை அவன் எழுதவே இல்லை. நாம் சொன்ன பிறகுதான் பேனையை வைத்துவிட்டுப் பார்த்தான்.

அதற்காகப் போகாதே என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. கந்தளாயில் ஒரு கடையில் அவன் எடுப்பது 45,000. நாட்டின் ஆகக் குறைந்த சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 என்று இருக்கும்போது அது மோசமில்லை. முதலாளி ஒழுங்காகக் கட்டினால் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் அவன் பெயரில் சேரும். வெளிநாட்டுக் கணக்கில் யாரும் இதைச் சேர்ப்பதில்லை. ஆனாலும் 45,000 இல் மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதும் உண்மை. தங்கச்சி கலியாண வயதில் இருக்கிறாள்.

நாலு இலட்சத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் இதே வேலை மாதம் 76,000 மிச்சம் தரும், வயலும் கையில் இருக்கும். சவூதித் தொழிற்சட்டப்படி ஆளை எடுக்கும் செலவும் இகாமாச் செலவும் முதலாளியுடையவை. வேலை முடிந்து வரும்போது முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம் சேவைக்காலப் பணமும் உண்டு, அவனாக இடையில் விட்டு வராதவரை. சாச்சாவின் கதையும் இதுதான். உம்மம்மாவின் நகையை அடகு வைத்துப் போனார். "ஒன்பது மாசம் நான் அடகுக்கடைக்குத்தான் உழைச்சன்" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

முகவர் பணியகத்தில் பதிந்தவரா என்று 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேள், சாப்பாட்டை ஒப்பந்தத்தில் சேர்ப்பார்களா என்று கேள், நாலு இலட்சத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேள் என்று மூன்று வேலை கொடுத்து அனுப்பினோம்.

திங்கட்கிழமை இரவு அழைத்தான். நாலு இலட்சம் மூன்றாக இறங்கிவிட்டதாம். பற்றுச்சீட்டு மட்டும் தரமாட்டாராம். வேறு இரண்டு இடங்களில் விசாரிக்கிறான். வயல் உறுதி இன்னும் உம்மாவின் பெட்டியில்தான் இருக்கிறது. பெரும்போக உழவுக்கு டிராக்டர் பேசிவிட்டானாம்.