பல்கலைக்கழகத் திறந்த பாடநூல்: தோற்றமும் வளர்ச்சியும் (1998–2023)

முன்னுரை

கல்லூரிப் பாடநூலைத் தேர்ந்தெடுப்பவர் பேராசிரியர். காசு கொடுத்து வாங்குபவர் மாணவர். விலை எவ்வளவு ஏறினாலும் தேர்ந்தெடுப்பவரின் கையை அது கடிப்பதில்லை. அமெரிக்கப் பாடநூல் சந்தையின் அடிப்படைக் கோளாறு இதுவே. அந்நாட்டு அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2005இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1986 டிசம்பர் முதல் 2004 டிசம்பர் வரை கல்லூரிப் பாடநூல்களின் விலை 186 விழுக்காடு உயர்ந்தது. அதே காலத்தில் பொது விலைவாசி உயர்ந்தது 72 விழுக்காடு மட்டுமே.

இச்சூழலில் உருவானதே திறந்த பாடநூல். யாரும் இலவசமாகப் படிக்கலாம், படியெடுக்கலாம், திருத்தலாம், மொழிபெயர்க்கலாம், பகிரலாம் என்ற உரிமையை நூலே தன் முகப்பில் வழங்கிவிடுகிறது. இந்த உரிமையை இணையமும் புதிய உரிமங்களும் சாத்தியமாக்கின. ஆயினும், எழுதுவோருக்கும் செப்பனிடுவோருக்கும் முன்கூட்டியே ஊதியம் தந்து, ஒரு பாடத்துக்கு ஒரு முழு நூல் என்று ஆக்கிக் கொடுத்த நிறுவனங்கள் தோன்றிய பிறகே திறந்த பாடநூல் வகுப்பறைக்குள் பரவலாக நுழைந்தது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உரிமங்களின் காலம்

கட்டற்ற மென்பொருள் இயக்கம் மென்பொருளுக்குச் செய்ததைக் கல்வி நூல்களுக்கும் செய்ய முடியும் என்று கருதியவர்களுள் டேவிட் வைலி முன்னோடி. அவர் 1998இல் திறந்த உள்ளடக்க உரிமத்தை வெளியிட்டார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) தன் பாடப்பொருள்களை இணையத்தில் இலவசமாகத் தருவதாக 2001 ஏப்ரலில் அறிவித்தது. 2002 ஜூலையில் பாரிசில் யுனெஸ்கோ கூட்டிய மன்றத்தில் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயர் பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் முதல் உரிமங்கள் வெளிவந்தன. வழக்கறிஞர் துணையின்றி எந்த ஆசிரியரும் தம் நூலைப் பொதுவுக்கு வழங்க அவை வகைசெய்தன.

எனினும் எம்.ஐ.டி. தந்தவை பெரும்பாலும் விரிவுரைக் குறிப்புகளும் வினாத்தாள்களுமே. பல பாடங்களின் வாசிப்புப் பட்டியல் விலைக்கு விற்கும் நூலையே சுட்டியது. மாணவரின் செலவு அப்படியே நீடித்தது.

துணுக்கிலிருந்து முழுநூலுக்கு

டெக்சாஸின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியர் ரிச்சர்ட் பரனியுக் 1999இல் தொடங்கிய கனெக்ஷன்ஸ் திட்டம் இந்த வரலாற்றின் நடுநாயகம். பாடப்பொருளைச் சிறு சிறு அலகுகளாக எழுதி இணையத்தில் வைப்பது, வேண்டிய ஆசிரியர் வேண்டியதை எடுத்துக் கோத்துத் தமக்கான நூலை ஆக்கிக்கொள்வது என்பது அதன் கருத்து. அலகுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. ஆனால் ஒரு பருவம் முழுதும் பாடம் நடத்தும் ஆசிரியருக்குத் தேவைப்படுவது வேறு: பாடத்திட்ட வரிசையில் அமைந்த இயல்கள், முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை மாறாத குறியீடுகள், பயிற்சிக் கணக்குகள், துறையறிஞர் பார்த்துச் சரிசெய்த நம்பகம். பலர் தனித்தனியே எழுதிய துணுக்குகளைக் கோத்து இத்தனையையும் பெறுவது கடினம்.

மாற்று வழியை ஒரு புள்ளியியல் நூல் காட்டியது. கலிபோர்னியாவின் டி ஆன்சா கல்லூரி ஆசிரியர்களான பார்பரா இலோவ்ஸ்கி, சூசன் டீன் ஆகியோர் எழுதிய ‘கொலாபரேட்டிவ் ஸ்டாடிஸ்டிக்ஸ்’ வகுப்பறையில் ஏற்கெனவே பயன்பட்ட முழுநூல். அதன் உரிமையை ஓர் அறக்கட்டளை விலைகொடுத்து வாங்கி, கனெக்ஷன்ஸ் வழியாக இலவசமாக வெளியிட்டது. ஆசிரியர்களின் உழைப்புக்கு ஒருமுறை பணம் கொடுத்தாயிற்று. பிறகு எத்தனை பேர் படித்தாலும் கூடுதல் செலவு இல்லை.

இந்தப் பாடத்தை, அதே ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2012இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற திட்டம் முறைப்படுத்தியது. ஹியூலெட், கேட்ஸ் முதலிய அறக்கட்டளைகளின் நிதியைப் பெற்று, மிகுதியான மாணவர்கள் சேரும் தொடக்கநிலைப் பாடங்களை அது தேர்ந்தெடுத்தது. எழுதுவோருக்கு ஊதியம் உண்டு. பிற கல்லூரிப் பேராசிரியர்கள் வரைவைப் படித்துத் திருத்துவார்கள். இயற்பியலும் சமூகவியலும் அந்த ஆண்டே வெளிவந்தன. மேற்சொன்ன புள்ளியியல் நூலை அடிப்படையாகக் கொண்ட புதிய நூல் 2013இல் வந்தது. ஆசிரியர் பெயரைச் சுட்டினால் போதும், எப்படியும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் பெரும்பாலான நூல்கள் அமைந்தன.

உரிமத்துக்கு வந்த சோதனை

2007இல் தொடங்கிய பிளாட் வேர்ல்ட் நாலெட்ஜ் என்ற வணிக நிறுவனம் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தந்து, அச்சுப்படியையும் துணைப்பொருள்களையும் விற்றது. வருவாய் போதாமல் 2013 ஜனவரியோடு இலவச வாசிப்பை நிறுத்தியது. ஆனால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏற்கெனவே வெளிவந்த படிகளைத் திரும்பப் பெற முடியாது. மற்றவர்கள் அவற்றைச் சேமித்துச் சட்டப்படியே தொடர்ந்து வழங்கினர். வெறும் இலவசம் நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. உரிமத்தோடு வந்த நூலோ நிறுவனம் கைவிட்ட பிறகும் மாணவரிடம் இருக்கிறது.

பொதுப்பணம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு, மாணவர் மிகுதியாகச் சேரும் 40 பாடங்களுக்குத் திறந்த பாடநூல் உருவாக்கப்படும் என்று 2012 அக்டோபரில் அறிவித்தது. பொறுப்பேற்ற பிசிகேம்பஸ் அமைப்பு எல்லாவற்றையும் புதிதாக எழுதவில்லை. இருக்கும் நூல்களை முதலில் பேராசிரியர்களிடம் மதிப்புரைக்குத் தந்தது. தேறியவற்றைக் கனடாவுக்கு ஏற்பத் திருத்தியது. இல்லாதவற்றை மட்டும் எழுதுவித்தது. 2018இல் அமெரிக்கக் கூட்டரசும் 50 லட்சம் டாலர் ஒதுக்கித் திறந்த பாடநூல் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது.

பொதுப்பணத்துக்கு அப்பால், 2023இல் ஒரு திருப்பம். ஜான் மெக்மரி எழுதிய கரிம வேதியியல் நூல் பல பதிப்புகள் கண்ட வணிக வெற்றி. நீர்மத் திசுவழற்சி (சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்) நோயால் 2019இல் இறந்த தம் மகன் பீட்டரின் நினைவாக, அதன் பத்தாம் பதிப்பை அவர் ஓப்பன்ஸ்டாக்ஸ் வழியாக இலவசமாக்கினார். திறந்த பாடநூல் தரத்தில் குறைந்தது என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை.

இந்தியாவும் தமிழும்

இந்தியாவில் பாடநூல் விலைச் சிக்கல் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் பாடத்தொகுப்புகளை நகலெடுத்து விற்பதை எதிர்த்து, மூன்று வெளிநாட்டுப் பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. கற்பித்தலுக்காக நகலெடுக்கப் பதிப்புரிமைச் சட்டம் இடம்தருகிறது என்று 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவருக்கு அது பெரிய நிவாரணம். ஆனால் நகலெடுக்கக் கிடைத்த உரிமை, திருத்தவும் மொழிபெயர்க்கவும் உரிமை ஆகாது.

தமிழிலோ பொதுப்பணத்தில் கல்லூரிப் பாடநூல் ஆக்கும் மரபு திறந்த பாடநூலுக்கு முந்தியது. 1960களில் தமிழ் வெளியீட்டுக் கழகமும், 1970இல் அமைந்த தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் அறிவியல், வரலாறு, பொருளியல் எனப் பல துறைகளில் பேராசிரியர்களைக் கொண்டு நூல்களை எழுதுவித்தும் மொழிபெயர்த்தும் வெளியிட்டன. அவற்றுள் பலவற்றை இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கலாம். ஆனால் அவை பக்கப் படங்களாகவே உள்ளன. அரை நூற்றாண்டுக்கு முந்தைய செய்திகளைத் திருத்திப் புதுக்க அந்த வடிவம் உதவாது.

முடிவுரை

துணுக்குகளால் முடியாததை முழுநூல் செய்தது. தன்னார்வத்தால் மட்டும் முடியாததை முன்கூட்டித் தந்த ஊதியம் செய்தது. நிறுவனம் கைவிட்டபோது உரிமம் காத்தது. இம்மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் திறந்த பாடநூல் வேரூன்றியது. தமிழில் முழுநூல் மரபும் பொதுப்பணமும் முன்பே இருந்தன. இல்லாமற்போனது திருத்தும் உரிமை. ஆகவே அரசு செலவில் உருவான தமிழ்க் கல்லூரிப் பாடநூல்கள் அனைத்தையும் தேடத்தக்க, திருத்தத்தக்க எழுத்து வடிவில், திறந்த உரிமத்தோடு வெளியிட வேண்டும். துறைதோறும் பேராசிரியர் குழு அமைத்து, தக்க ஊதியம் தந்து அவற்றைப் புதுப்பிக்க வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் எழுதிய பாடநூல் மக்கள் கையில் முழு உரிமையோடு இருப்பதே முறை.