துரத்திப் போனவன் திரும்பும்வரை

மேசைமேல் ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போர் ஆடுகிற எங்களுக்கு எச்.ஜி. வெல்ஸ் குலதெய்வம் மாதிரி. ஆனால் 1913-இல் அவர் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' புத்தகத்தில் ஒரு சிப்பாய்க்கும் பயமே கிடையாது. சம எண்ணிக்கையில் கைகலந்தால் இரண்டு பக்கமும் மொத்தமாகச் சாகும். தோற்பவன் ஓடுவான் என்பதை அவர் விட்டுவிட்டார். பிரஷ்ய பீரங்கிப்படை லெப்டினன்ட் ரைஸ்விட்ஸ் 1824-லேயே அதைக் கணக்கில் எடுத்திருந்தார். வரைபடத்தில் ஆடும் அவருடைய ஆட்டத்தில் பகடை, ஜெயித்தவன் யார் என்பதோடு தோற்றவன் எவ்வளவு கலைந்தான் என்பதையும் சொல்லும்.

பொம்மைகளுக்குப் பயம் வந்தது இரண்டு உலகப் போர்களும் முடிந்த பிறகு. டாங்கிப் படையில் இருந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962-இல் வெளியிட்ட 'வார் கேம்ஸ்' நூலில் மனவுறுதிக்கும் இடம் இருந்தது. பிறகு ஃபில் பார்க்கரும் நண்பர்களும் பண்டைக்காலப் போர்களுக்கு எழுதிய விதிகளில் பகடையே இரண்டு வகை. பயிற்சி பெற்ற படைக்கு 2, 3, 3, 4, 4, 5 என்று முகங்கள் கொண்ட பகடை. திரட்டி வந்த கூட்டத்துக்குச் சாதாரணப் பகடை. கூட்டம் எப்போது பாயும், எப்போது சிதறும் என்று அதன் தலைவனுக்கே தெரியாது. அதை ஆறு முகத்தில் காட்டியதை நினைத்தால் இன்றும் எனக்குப் பிரமிப்பு.

ஓடுவதைவிடத் துரத்துவதற்கு விதி எழுதுவதுதான் கஷ்டம். 1645 ஜூன் 14, இங்கிலாந்து உள்நாட்டுப் போரின் நேஸ்பி சண்டை. ராஜாவின் வலப்பக்கக் குதிரைப்படையோடு இளவரசர் ரூபர்ட் எதிரியை உடைத்தார். துரத்திக்கொண்டே சாமான் வண்டிகள் வரை போய்விட்டார். மறுபக்கம் ஜெயித்த நாடாளுமன்றப் படையின் கிராம்வெல், ஓடியவர்கள் திரும்பாதபடி பார்த்துக்கொள்ளக் கொஞ்சம் பேரை விட்டுவிட்டு, மற்றவர்களை ராஜாவின் காலாட்படைமேல் திருப்பினார். ரூபர்ட் திரும்பி வந்தபோது காலாட்படை போயே போய்விட்டது. ஜெயித்த படையை ஆட்டக்காரன் நினைத்த இடத்தில் நிறுத்திக்கொள்ள விடுகிற விதிப்புத்தகத்தில் நேஸ்பி நடக்கவே நடக்காது. அந்தப் புத்தகத்தை நான் வரலாற்று ஆட்டம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

துரத்தல் விதியை மிகத் தெளிவாக எழுதியது, டிராகனும் பூதமும் உலவுகிற 'வார்ஹேமர்'. 2000-இல் வந்த ஆறாம் பதிப்பில் தோற்று மனம் உடைந்த அணி முதலில் இரண்டு பகடை உருட்டி அத்தனை அங்குலம் ஓடும். வேகமான குதிரைகளுக்கு மூன்று பகடை. அடுத்து ஜெயித்தவன் உருட்டுவான். எண் சமமாக இருந்தாலே போதும், ஓடிய அணி முழுக்க அழிந்தது. எதிராளி ஒன்பது உருட்டிவிட்டு, முதுகு காட்டித் திருப்பி வைத்த தன் பொம்மைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். பகடை என் உள்ளங்கையில் இருக்கும். துரத்தாமல் நிற்க ஆசைப்பட்டால் அதற்கும் தலைமைச் சோதனை உண்டு. அதில் தவறினால் துரத்தியே ஆக வேண்டும். துரத்தல் மேசை விளிம்பைத் தாண்டினால் அடுத்த முறைதான் அந்த அணி உள்ளே வரும். அதுவரை நடுவில் நிற்கும் என் காலாட்படைக்குப் பக்கத்துணை இல்லை.